நல்லுச்சாமியின் கணுக்கால்

ஒன்பது மணிக்கு வேன் கிளம்பிவிடும் அண்ணே, அதற்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள் என்று ஸ்டெல்லா டீச்சர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து சடையாண்டியின் சட்டைப்பையில் இருந்த காகிதம் நெஞ்சைக் குத்திக்கொண்டே இருந்தது. காகிதம் எங்கேயாவது குத்துமா, நாலாக மடித்தால் முனை குத்தத்தான் செய்யும், அதற்கு இத்தனை யோசனையா, என்று தன்னையே ஒரு அதட்டு அதட்டிக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்து ஓரத்தில், புங்கமரத்தடி பெஞ்சில் போய் உட்கார்ந்தான். மணி ஏழு பத்து. ஒரு டிராக்டர் பேரத்தை முடிக்க அவனுக்கு அரைமணி நேரம் போதும், எதிராளி எவ்வளவு பெரிய கில்லாடியாக இருந்தாலும் சரி. மகளை இரண்டு மாதம் மதுரைப் பயிற்சி முகாமுக்கு அனுப்பலாமா கூடாதா என்பதற்குப் பதினைந்து நாளும் போதவில்லை. வேறு எந்த விளையாட்டு என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பான். கபடி. அண்ணாந்து பார்த்தான். இந்த மாதத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு அண்ணாந்து பார்க்காமல் இருக்க அவனால் முடியாது. போன வாரம்வரை சருகும் குச்சியுமாக நின்ற மரம், பங்குனி பிறந்ததும் பிறக்காததுமாக எண்ணெய் தடவிய மாதிரி தளிர் விட்டு, தளிருக்குள்ளேயே பூவும் விட்டு, பூ நிற்காமல் உதிர்ந்து, பெஞ்சு, தரை, அவன் தலை எல்லாம் பொரி இறைத்த மாதிரி கிடந்தது. பேரத்துக்கு நடுவில்கூட அவன் இப்படித்தான், யோவ், அந்த வேம்பப் பாருய்யா, பூத்திருக்கிறதப் பாரு, என்று எதிரே நிற்பவனின் தோளைப் பிடித்துத் திருப்புவான், வந்தவன் இதில் ஏதோ சூது இருக்கிறது என்று பயந்து தானாகவே இறங்கி வருவான். சூதெல்லாம் இல்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, லாரிப் பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, அடி வாங்கி, ஒருநாள் திருப்பி அடித்து, பழைய சைக்கிள் வாங்கி விற்று, பழைய பைக், பழைய டிராக்டர் என்று ஏறி வந்தவன் அவன். ஒருத்தன் நிற்கிற நிலையைப் பார்த்தே அவன் எந்த இடத்தில் மடங்குவான் என்று சொல்லிவிடுவான். பங்குனி மரத்துக்கு முன்னால் மட்டும் அவனே மடங்கிவிடுவான். எப்போதிருந்து? சின்ன வயதிலிருந்தா? சின்ன வயதில் மரத்தை யார் பார்த்தார்கள், மரத்தடியில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கோட்டுக்குள் இறங்கி... வேண்டாம். குயில் கூவுகிறது. அதைக் கேள். அதைக் கேட்டுக்கொண்டிரு.

கேட்பதற்கு ஏதாவது இருந்துகொண்டே இருக்க வேண்டும் அவனுக்கு. நடமாடும் கல்யாண வீடு என்று ஊரில் ஒரு பேர். ஓட்டிப்போகும் வண்டியில் பாட்டு, டிராக்டர்கள் நிற்கும் கொட்டகையில் பாட்டு, குளிக்கும்போது வாளிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அதன்மேல் பாட்டு. கரண்ட் போனால் தானே பாடுவான், குரல் ஓட்டை சைலன்ஸர் மாதிரி இருக்கும், வெட்கமே படமாட்டான். கிரிக்கெட் என்றால் டி.வி.யில் ஒன்று, செல்போனில் ஒன்று. வாலிபால் டோர்னமெண்ட் என்றால் நத்தம்வரைக்கும் போய், முன்வரிசையில் நின்று, சர்வீஸை வலையில் போடுகிறவனின் வம்சத்தையே இழுப்பான். கேரம்போர்டு, சிலம்பம், பால்வாடிப் பிள்ளைகள் சாக்கு ஓட்டம் ஓடினாலும் நின்று கைதட்டிவிட்டுத்தான் நகர்வான். படம் வந்தால் வந்த அன்றைக்கே காலைக்காட்சி, டிக்கெட் கிடைக்காவிட்டால் மேனேஜரிடமே சண்டை. அதில் ஒரு கோளாறு உண்டு. படத்தில் யாராவது சாகப்போகும்போது பின்னணி இசையை நிறுத்திவிட்டு, தியேட்டரே கம்மென்று ஆகும்படி ஒரு இடம் வைப்பார்களே, அது வருவதை ஒரு நிமிஷம் முந்தியே மோப்பம் பிடித்துவிடுவான், எழுந்து கேண்டீனுக்குப் போய்விடுவான். கல்யாணமான புதிதில் பஞ்சவர்ணம் கேட்டாள், ஏங்க, ஒங்களுக்கு வயித்துல ஏதும் கோளாறா, எந்தப் படம் வந்தாலும் முக்கியமான எடத்துல எந்திரிச்சிப் போயிர்றீங்க. ஆமா, வயித்துலதான் என்றான். பெண்டாட்டியிடம் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். இந்த ஆளுக்கு எல்லாத்திலும் பிரியம், கபடியைத் தவிர என்று ஊர் சொல்லும். அதில்தான் ஒரு காலத்தில் இவன் பெரிய ஆள் என்பது ஊருக்குத் தெரியும், ஏன் விட்டான் என்பதும் தெரியும். தெரியும் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது.

மைதானத்து நடுவில் நீல மேட் விரித்திருந்தார்கள். மஞ்சள் பனியன் மகள் கௌசிகாவின் பள்ளிக்கூடம், சிவப்புப் பனியன் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள், வேன் வரும்வரைக்கும் சும்மா ஒரு பழக்க ஆட்டம். டீச்சர் விசில் ஊதியதும் சிவப்பில் ஒருத்தி கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே வந்தாள், கபடி கபடி கபடி கபடி. சடையாண்டிக்கு முதுகில் ஈரத்துணியைப் போட்ட மாதிரி இருந்தது. இந்தச் சத்தத்தை நேரில் கேட்டு இருபத்தேழு வருஷம். டி.வி.யில் வந்தால் சேனலை மாற்றிவிடுவான், திருவிழாவில் நடந்தால் அன்றைக்கு வெளியூரில் ஒரு டிராக்டர் பார்க்கவேண்டி இருக்கும். இன்றைக்கும் வந்திருக்கவே மாட்டான். பஞ்சவர்ணம்தான் மடக்கிவிட்டாள். ஒரு ஓட்ட டிராக்டரக்கூட பானெட்டத் தொறந்து பாக்காம வேணாங்க மாட்டீங்க, பெத்த புள்ள ஆடுறத ஒரு நாள் போய்ப் பாத்துருக்கீங்களா, பாத்துட்டு வந்து வேணாம்னு சொல்லுங்க, பாக்காம சொல்லாதீங்க. இருபது வருஷம் கூட இருந்து அவளும் பேரம் பேசக் கற்றுக்கொண்டாள். கௌசிகா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பதினேழு வயது, அவன் மூக்கு, அவன் பிடிவாதம். வாலிபால் ஆடுங்குற, ஷட்டில் ஆடுங்குற, இது மட்டும் ஏன்ப்பா வேணாங்குற, அந்த மாமா செத்துப்போனாரே, அதுக்காகவா? வாய மூடு என்று அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. கையில் இருந்த டம்ளரையும் சுவரில் அடித்தான். அவள் பயப்படவில்லை, போய் டம்ளரை எடுத்து, நெளிந்த இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தாள். அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது, அவள் பயப்படாமல் இருந்தது.

டீ கேனும் பேப்பர் கப்புமாக சிக்கந்தர் வந்தான். பள்ளிக்கூடத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவன், அந்தக் காலத்தில் சடையாண்டியோடு ஒரே டீமில் ஆடியவன்.

"என்னா மாப்ள, அதிசயமா இருக்கு. கபடி நடக்குற பக்கம் ஒன்னயப் பாத்து எத்தன வருசமாச்சு."

"மக ஆடுறா. பாத்தே ஆகணுமாம். வீட்டுல உத்தரவு."

"ஊரையே ஏலம் விடுறவன் வீட்டுல கையக் கட்டி நிக்கிறாம் பாரு."

"டீய ஊத்து மாமா. சீனியப் பூராம் ஒன் வாயில போட்டுக்காம இதுலயும் கொஞ்சம் போடு."

சிக்கந்தர் சிரித்துக்கொண்டே ஊற்றினான். பிறகு முகவாயால் நீல மேட் பக்கம் காட்டினான். "ஒன் மக நிக்கிற எடத்தப் பாத்தியா? இடது கார்னர். நீ நின்ன எடம். சொல்லிக் குடுத்தியா?"

"நான் எதுக்குச் சொல்லிக் குடுக்கப்போறேன்."

"அப்ப ரத்தத்துல வருது. உடும்பு பெத்தது உடும்பாத்தான இருக்கும்."

"அந்தப் பேரச் சொல்லாதன்னு எத்தன தடவ சொல்லிருக்கேன்?"

"சரிப்பா, சரி, அடிச்சிறாத." சிக்கந்தர் குரலை இறக்கினான். "இன்னுமா அதப் போட்டு மனசுல ஒழப்பிக்கிட்டு இருக்க? நல்லு அப்படித்தான் நடிப்பான்னு யாருக்குத் தெரியாது? நான் அவன் இடுப்பப் பிடிச்சிருந்தேன், நானே நடிக்கிறான்னுதான் நெனச்சேன். எல்லாரும் அதத்தான நெனச்சோம்."

ஆமாம் என்று சடையாண்டி டீயை ஊதினான். எல்லாரும் அதைத்தான் நினைத்தோம். இருபத்தேழு வருஷமாக ஊர் அவன் கையில் கொடுத்துவைத்திருக்கும் வாக்கியம். சிக்கந்தர் டீச்சருக்கு டீ கொண்டுபோனான்.

நல்லு. நல்லுச்சாமி. மேலத்தெரு. வேட்டியை மடித்துக் கட்டினால் ஒரு மாதிரி கோணலாகத்தான் கட்டுவான். எந்தப் படமானாலும் அவன் சைக்கிளில் முன்கம்பியில் இவன், டவுனுக்குப் பத்து மைல், எதிர்காற்று, நல்லு மிதித்துக்கொண்டே பின்னணி இசையிலிருந்து சண்டைக்காட்சிவரை எல்லாவற்றையும் வாயாலேயே போட்டுக்கொண்டு வருவான், அவன் எச்சில் இவன் கழுத்தில் தெறிக்கும். ரெக்கார்டிங் கடையில் கேசட்டுக்குப் பாட்டு எழுதிக் கொடுப்பதில் இரண்டு பேருக்கும் தகராறு. நல்லுவுக்குச் சோகப் பாட்டு வேண்டும், இவனுக்குக் குத்துப்பாட்டு. ஏ பக்கம் எனக்கு, பி பக்கம் ஒனக்கு என்று பாகப்பிரிவினை மாதிரி பிரித்துக்கொள்வார்கள். அந்தக் கேசட் எங்கே போனது என்று தெரியவில்லை, அந்தச் சோகப் பாட்டுகள் மட்டும் இப்போது இவன் செல்போனில் முதலில் இருக்கின்றன. நல்லுவுக்கு மரம் பிடிக்கும். அவனுக்குத்தான் மரம் பிடிக்கும். புங்கந்தளிரைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, கசக்குதுடா என்று ஒவ்வொரு பங்குனியிலும் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி சொல்வான். ஆட்டம் என்றால் எதிர் எதிர் தெரு, இவன் கீழத்தெரு, வேறு வழியில்லை, கோட்டுக்குள் போனால் சொந்தம் கிடையாது. பாடிப் போவதில் நல்லுவை அடிக்க ஆள் இல்லை. மூச்சு அப்படி. அதிலும் ஒரு தந்திரம் வைத்திருந்தான், பிடித்து அமுக்கியதும் குரலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கொசு பாடுகிற மாதிரி ஆக்கி, பாட்டு நின்றுவிட்டது, ஆள் அவுட் என்று பிடித்தவர்கள் கையை இளக்குகிற நேரம் பார்த்து, திமிறிக்கொண்டு பாய்ந்து கோட்டைத் தொட்டுவிடுவான். தொட்டபிறகு பார்த்தால் வாயில் கபடி ஓடிக்கொண்டுதான் இருக்கும், நிறுத்தியிருக்கவே மாட்டான். அப்படி எத்தனை தெருவை மொத்தமாக வெளியே அனுப்பியிருக்கிறான். அதனால்தான் அன்றைக்கு. அதனால்தான் என்று வை. எல்லாரும் அதைத்தான் நினைத்தோம். டீ ஆறிவிட்டது. ஆறிய டீயைக் குடித்தான்.

கபடி கபடி என்று ஒரு தெரிந்த குரல். நிமிர்ந்து பார்த்தால் கௌசிகா. பாடிப் போகிறாள். பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவளுடைய கழுத்து. பிறந்தபோது இவன் உள்ளங்கையில் நிற்காமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்துகொண்டிருந்த கழுத்து, நர்ஸ் திட்டினாள், கழுத்தத் தாங்கிப் பிடிங்கய்யா, மூட்டை தூக்குற மாதிரி தூக்குறீங்களே. அந்தக் கழுத்தின்மேல் இப்போது ஆறு பேர் விழப்போகிறார்கள். விழுந்தார்கள். சிவப்பு, சிவப்பு, சிவப்பு, மஞ்சள் தெரியவில்லை. சத்தம் வருகிறதா? வருகிறது. வருகிறது. இன்னும் வருகிறது. இவன் உதடும் கூடவே கபடி கபடி என்று அசைந்ததை இவன் கவனிக்கவில்லை. குவியலுக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் கை நீண்டு கோட்டைத் தொட்டது, விசில், பிள்ளைகள் கூச்சல், கௌசிகா எழுந்து முழங்கையைத் துடைத்துக்கொண்டே இவன் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள், பாத்தியா என்று. பார்த்தேன். போதும். காகிதத்தை இப்படியே கிழித்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விட வேண்டும். பார்த்துட்டேன், வேணாம். பஞ்சவர்ணம் கேட்டதற்குப் பதில் ஆயிற்று. எழுந்தான்கூட. அதற்குள் சிவப்பில் உயரமாக ஒருத்தி பாடி வந்தாள், கௌசிகா இடது கார்னரில் குனிந்து நின்றாள், நின்ற நிலை, இடது முழங்கால் லேசாக மடங்கி, வலது கை தொங்கி, கண் வருகிறவளின் முகத்தைப் பார்க்காமல் பாதத்தையே பார்த்து. சடையாண்டி மறுபடி உட்கார்ந்தான். இதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. எல்லாரும் இடுப்பைப் பார்ப்பார்கள், தொடையைப் பார்ப்பார்கள். பாதத்தைப் பார்ப்பவன் இவன் ஒருத்தன்தான். உயரக்காரி காலை நீட்டினாள், அவ்வளவுதான், கௌசிகா தரையோடு தரையாகப் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தாள். பிடித்த பிடி விழுந்த விதம் இவன் விரல்களுக்குத் தெரிந்தது. குதிகாலுக்கு மேலே, நரம்பும் எலும்பும் பிரிகிற பள்ளத்தில் கட்டைவிரல். அது விழுந்தால் போகாது. விசில் ஊதி, கை உயர்த்தி, சிவப்புக்காரி, ஏய் விடுடி, முடிஞ்சிருச்சி என்று சிரித்தபிறகுதான் கௌசிகா விட்டாள். மூன்று விநாடி இருக்கும். மூன்று விநாடி பிந்தி விட்டாள். பதினைந்து நாளாக, அவள் நல்லுவாகிவிடுவாளோ என்றுதான் இவன் பயந்துகொண்டிருந்தான், குவியலுக்கு அடியில் அந்தக் கழுத்து என்றுதான். எவ்வளவு பெரிய மடையன். அவள் நல்லு இல்லை. அவள் மேலே இருப்பவள். பிடித்திருப்பவள். அவள் இவன்.

அன்றைக்கும் பங்குனிதான். முத்தாலம்மன் சாட்டுத் திருவிழா, நாலு மணி வெயில், மண்ணில் தண்ணீர் தெளித்துக் கோடு போட்ட களம், வேம்பில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் பாட்டு. வேண்டாம் என்றால் நிற்கிறதா, இருபத்தேழு வருஷமாக இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் ஒரு பாட்டைப் போட்டு மூடியிருக்கிறான், இன்றைக்குச் செல்போனை எடுத்து விரலை வைத்துவிட்டு ஏனோ அமுக்கவில்லை. கீழத்தெரு ஒரு பாயிண்டு முன்னால். கடைசி ரைடு. நல்லு வந்தான், கோணல் மடிப்பு அவிழ்ந்து விழுந்து டவுசரோடு. இவனைப் பார்த்துக் கண்ணடித்தான். பாதம் நீண்டது, இடது பாதம், இவன் பாய்ந்தான், கட்டைவிரல் பள்ளத்தில் விழுந்தது, சிக்கந்தர் இடுப்பில் விழுந்தான், மற்றவர்கள் எல்லாம் மேலே. இவன் முழங்கால் நல்லுவின் பிடரிக்குப் பக்கத்தில் ஊன்றியிருந்தது. பக்கத்திலா, மேலேயா. பக்கத்தில். குரல் குறைந்தது. கபடி கபடி, கொசு மாதிரி, நின்றது. இவன் பிடியை இறுக்கினான், இந்த வேலையெல்லாம் வேற எவன்ட்டயாச்சும் வச்சிக்கடா என்று வாய்விட்டுச் சொன்னான், அதைச் சுற்றி இருந்தவர்கள் கேட்டுச் சிரித்தார்கள், இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள், அவனும் நடிக்கிறான்னு நெனச்சித்தானப்பா அப்படிச் சொன்னான், பாவம். அதற்கு முன்னால் நடந்தது யாருக்கும் தெரியாது. குரல் நின்றபிறகு, இவன் அதைச் சொல்வதற்கு முன்னால், மண்ணில் பாதி புதைந்திருந்த வாயிலிருந்து, இவன் காதுக்கு ஒரு சாண் தூரத்தில், சடை, விடுடா என்று நல்லு சொன்னான். கெஞ்சவில்லை, அலறவில்லை. சைக்கிளில் போகும்போது, சடை, கொஞ்சம் தள்ளி உக்காருடா என்பானே, அந்தக் குரல். பாடிப் போனவன் வேறு வார்த்தை பேசினாலே அவன் அவுட், ஆட்டம் அதோடு முடிந்தது, அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், நல்லுவுக்குத் தெரியாதா, பேசினான் என்றால் ஆட்டத்தைக் கொடுத்துவிட்டான் என்று அர்த்தம். புதுத் தந்திரமாக இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேனா. விசில் ஊதியும், பிடித்திருந்தான். கைதட்டல். எல்லாரும் எழுந்தார்கள், நல்லு எழவில்லை. மைக்செட்காரன் கவனிக்காமல் ஜெயித்தவர்களுக்கு என்று ஒரு குத்துப்பாட்டைப் போட்டான், பாதியில் யாரோ ஓடிப்போய் நிறுத்தினார்கள். அப்போது வந்தது அந்த அமைதி. ஆயிரம் பேர் நிற்கும் களத்தில் வேப்பம்பூ விழுகிற சத்தம் கேட்கும் போல. பெரியாஸ்பத்திரியில் இரண்டு நாள். பிடரி எலும்பு என்றார் டாக்டர். பதினாறாம் நாள் நல்லுவின் அம்மா இவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போட்டாள், நீ என்னய்யா செய்வ, வெளையாட்டுல நடந்தது, அவன் நடிக்கிற பயதானே என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினாள். சாப்பிட்டான். கேட்டு வாங்கி இன்னொரு கரண்டி ரசமும் ஊற்றிக்கொண்டான். யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், சட்டையைப் பிடித்து இரண்டு அறை அறைந்திருந்தால் அன்றைக்கே வாந்தி எடுத்த மாதிரி அதைக் கொட்டியிருப்பான். யாரும் அறையவில்லை. அதன்பிறகு ஊரில் யாரைப் பார்த்தாலும் இவனே சண்டைக்குப் போனான், எதற்கு என்று தெரியாமல் எல்லாரும் விலகிப் போனார்கள்.

மணி எட்டே முக்கால். வேன் வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. கடைசி ரைடு என்று டீச்சர் கையைக் காட்டினார். சிவப்பில் ஒல்லியாக ஒருத்தி வந்தாள், குரல் மட்டும் கணீரென்று. நேராகக் கௌசிகா பக்கம் போகாதே தாயி, என்று சடையாண்டி முணுமுணுத்தான், அந்தப் பக்கம் போ. இந்தப் பக்கம்தான் வந்தாள். பாதம் நீண்டது. கௌசிகா பாய்ந்தாள், பிடி விழுந்தது, இரண்டு மஞ்சள் பனியன் மேலே விழுந்தன. கணீர்க் குரல் குறைந்தது, கொசு மாதிரி, நின்றது. சடையாண்டி ஓடினான். செருப்பு ஒன்று எங்கேயோ கழன்றது. ஐம்பதை நெருங்குகிற ஆள், வேட்டி தடுக்க, ஒரு பள்ளிக்கூட மைதானத்தின் குறுக்கே ஓடுகிறான், வாய் திறந்திருக்கிறது, என்ன கத்துவது என்று அதற்குத் தெரியவில்லை. மேட்டின் ஓரத்தை அடைந்தபோது கௌசிகாவின் கை விரிந்திருந்தது. விசில் இன்னும் ஊதவில்லை. அவள் பிடியை விட்டுவிட்டு, மேலே கிடந்த தன் டீம் பிள்ளைகளை, எந்திரிங்கடி, எந்திரிங்க என்று தள்ளிக்கொண்டிருந்தாள். ஒல்லிப் பெண் குப்புறக் கிடந்தாள். பிறகு இருமினாள். பிறகு புரண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, மூச்சை இழுத்து இழுத்து விட்டு, எச்சிலைத் துப்பி, சிரித்தாள்.

"விசில் ஊதுறதுக்கு முந்தி எதுக்குடி விட்ட?" ஸ்டெல்லா டீச்சர் வந்த வேகத்தில் சடையாண்டி நின்றதைக்கூடப் பார்க்கவில்லை. "அவ கைய நீட்டிக் கோட்டத் தொட்டுருந்தா மூணு பேரும் வெளிய. மதுரையில போயும் இப்படித்தான் விடுவியா?"

"யாரோட முழங்காலோ அவ வயித்துல மாட்டிருச்சு டீச்சர். மூச்சு அடைச்சிருச்சு."

"நடிக்கிறாளோ என்னவோ, ஒனக்கெப்படித் தெரியும்?"

"காலு இளகிருச்சே. நடிக்கிறவ காலு இப்படி இளகாது, உள்ளுக்குள்ள வெறைப்பாத்தான் இருக்கும்." கௌசிகா தோளைக் குலுக்கினாள். "நடிச்சாலும் நடிச்சிட்டுப் போறா டீச்சர். ஒரு பாயிண்டுதான?"

பெண்கள் எழுந்து தண்ணீருக்குப் போனார்கள். சடையாண்டி ஒரு காலில் செருப்போடு நின்றான். காலு இளகிருச்சே. வலது கையைத் தூக்கிப் பார்த்தான், தடித்த கை, கிரீஸ் ஏறிய நகம், கட்டைவிரல். இதற்கும் தெரிந்துதான் இருந்தது. காதுக்குத் தெரிந்ததைத்தான் இத்தனை வருஷம் மறைத்துக்கொண்டு திரிந்தான், கைக்குத் தெரிந்தது என்பதைத் தனக்கே சொல்லிக்கொண்டதில்லை. அந்த இடது கணுக்கால். சடை, விடுடா என்று சொன்னதற்கு அப்புறம் அது இவன் கைக்குள் இளகியது. தண்ணீரில் ஊறிய கயிறு மாதிரி. எத்தனை நூறு கால் பிடித்த கை, உயிருள்ள கால் எப்படி அடங்கும், நடிக்கிற கால் எப்படி அடங்கும் என்று அந்தக் கைக்குத் தெரியாதா. பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தெரிகிறது.

காகிதத்தை எடுத்து, மடிப்பைப் பிரித்து, வேன் டிரைவரிடம் பேனா வாங்கி, வேனின் மூக்கில் வைத்துக் கையெழுத்துப் போட்டான். கௌசிகா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்ட ஓடிவந்தாள், காகிதத்தைப் பார்த்ததும் முகம் பூத்துவிட்டது.

"போட்டுட்டியாப்பா!"

"போட்டுட்டேன். கொஞ்சம் நில்லு." அவன் வேனுக்குப் பின்பக்கமாக நகர்ந்தான், அவளும் வந்தாள். "நல்லு மாமா நடிச்சான், அதனாலதான் அப்படி ஆச்சுன்னு எல்லாரும் சொல்லுவாங்கல்ல."

"ம். சிக்கந்தர் மாமா சொன்னாரு."

"அவன் பேசுனான். பாட்டு நின்னப்பறம். சடை, விடுடான்னு சொன்னான். என் காதுக்குப் பக்கத்துல."

அவள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த துண்டு நின்றது. "ஒனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்புறம் ஏன்ப்பா விடல?"

நடிக்கிறான்னு நெனச்சேன். இருபத்தேழு வருஷமாகப் புழங்கிப் புழங்கி வழுவழுவென்று ஆகிப்போன பதில், நாக்கு நுனிவரைக்கும் வந்தது. எத்தனை பேரத்தில் எத்தனை பேரைப் பொய் சொல்லி மடக்கியிருக்கிறான். இவளிடம் அது செல்லாது. இவள் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டாள்.

"ஜெயிச்சிக்கிட்டிருந்தேன்" என்றான். "விட்டா போயிரும்னு இருந்துச்சு."

டிரைவர் ஹாரன் அடித்தான். கௌசி, ஏறுடி, என்று டீச்சர் உள்ளிருந்து கூப்பிட்டார். அவள் காகிதத்தை வாங்கி அதே மடிப்பில் மடித்தாள், ஒரு தரம், இரண்டு தரம், நகத்தால் நீவினாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அந்த மாமாவோட அம்மா இன்னும் இருக்காங்களாப்பா?"

"மேலத்தெருவுலதான் இருக்கு. கண்ணு தெரியாது இப்ப."

அவள் தலையாட்டினாள். எதற்கு ஆட்டினாள் என்று தெரியவில்லை. சாப்புடு நேரத்துக்கு என்று அவன் சொல்ல நினைத்ததும், போயிட்டு வர்றேன் என்று அவள் சொல்லியிருக்க வேண்டியதும் இரண்டும் நடக்கவில்லை, அவள் ஏறிவிட்டாள். ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தான். இந்தப் பக்கத்து ஜன்னலில் முகாமுக்குப் போகும் வேறு இரண்டு பிள்ளைகள் கையை ஆட்டினார்கள். கௌசிகா உள்ளே நடந்துபோய் அந்தப் பக்கத்து வரிசையில் உட்கார்ந்தாள், ஈரக் கூந்தலும் தோளும் மட்டும் தெரிந்தன. இந்தப் பக்கம் வெயில் அடிக்கிறது. பங்குனி வெயில், ஒன்பது மணிக்கே சுள்ளென்று. அதனால்தான் அந்தப் பக்கம் உட்கார்ந்தாளோ. அதனால்தான் இருக்கும் என்று கையைத் தூக்கி ஆட்டினான், வேன் திரும்பி மெயின் ரோட்டில் ஏறும்வரைக்கும் ஆட்டிக்கொண்டே நின்றான்.